ஐந்து மணிக் காபி

மகள் யமுனா சென்னையிலிருந்து வாங்கி வந்த எடை மெஷினை ரத்தினவேல் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் ஃபிட்டராக இருந்தவர். எந்த இயந்திரத்தையும் சோதிக்காமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார். மூட்டையில் அச்சடித்திருந்ததையே மெஷினும் காட்டியது. கேஸ் சிலிண்டரை ஏற்றினார், அதுவும் சரி. கீழ்வீட்டுப் பூனையைப் பிடித்து நிறுத்தினார். பூனையின் சரியான எடை பூனைக்குத்தான் தெரியும் என்று தோன்றியதால் அந்தச் சோதனையைப் பாதியில் விட்டுவிட்டார். மற்ற எல்லாரிடமும் ஒழுங்காக நடந்துகொண்ட அந்தக் கண்ணாடித் தகடு, அவர் மனைவி ஆனந்தவள்ளி ஏறி நின்றால் மட்டும் அடாவடி செய்தது. எண்பத்தொன்று. இரண்டு இட்லியை ஒன்றாகக் குறைத்தால் எண்பத்தொன்றரை.

"மெஷின்ல கோளாறு இருக்கு வள்ளி."

"மெஷின்ல என்னங்க கோளாறு? கோளாறெல்லாம் இங்க இருக்கு." ஆனந்தவள்ளி தன் கழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு இறங்கினாள்.

கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருப்பதே இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வந்தது ஒரு சித்திரையில். அந்த வருஷத்து வெயிலில் காவிரி மணலில் நடந்த காக்கைகள் காலை மாற்றி மாற்றிக் குதித்துப் போனதை ரத்தினவேல் கண்ணால் பார்த்திருக்கிறார். மலைக்கோட்டைப் பாறையில் அப்பளம் சுட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் ஆனந்தவள்ளி, "ஏங்க, குளுருதுங்க. ஒரு ஸ்வெட்டர் வாங்கிட்டு வாங்களேன்" என்றாள். ரத்தினவேல் ஆற்றைத் தாண்டி பெரிய கடைவீதிக்குப் போய் ஸ்வெட்டர் கேட்டார். கடைக்காரர் அவரை நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, கேட்டவர் இவர்தான் என்று காட்டினார். ஸ்வெட்டரைத் தேடி எடுத்துக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

குளிர் மட்டுமில்லை. சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஸ்ரீரங்கம் கோயிலின் வெளிப் பிராகாரத்தைப் பேச்சு வாக்கில் சுற்றி வருகிறவள், மூலத்தோப்பில் இருக்கிற தங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தாள். தில்லைநகரில் டாக்டர் பீமராவிடம் காட்டினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சுரப்பி சோம்பலாகிவிட்டது, அது செய்ய வேண்டிய வேலையை இனி மாத்திரை செய்யும், காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தினமும் ஒன்று, ஒரு நாளும் விடக்கூடாது என்றார்.

"அதை என்கிட்ட விட்ருங்க டாக்டர்," என்றார் ரத்தினவேல்.

விடலாம். ஏனென்றால் அந்த வீட்டில் விடியற்காலை ஐந்து மணி என்பது ரத்தினவேலின் கையில் இருந்தது. அது எப்படி அவர் கைக்கு வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஆனந்தவள்ளிக்குப் பிறந்த ஊர் மணப்பாறை. அவள் அம்மா வீட்டில் முறுக்குப் போடுவார்கள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்காக ஒரு பெரிய அண்டாவில் கருப்பட்டிக் காபி காலையிலிருந்து சாயங்காலம்வரை கொதித்துக்கொண்டே இருக்கும். கல்யாணமாகித் திருவெள்ளறைக்கு வந்த மறுநாள் விடிகாலையில், புது மருமகள் அந்த முறைப்படியே மாமனார் வீட்டு ஃபில்டர் காபித் தூளைப் பாலோடு போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்தாள். முதல் டம்ளர் மாமனாருக்குப் போனது. அதைக் குடித்த ரத்தினவேலின் அப்பா அடுத்த இரண்டு நாள் கண்ணை மூடவில்லை. மூன்றாவது நாள், ஆள் வைத்தும் ஒரு மாதமாக நடக்காத கிணற்றுத் தூரை அவர் ஒருவராகவே வாரி முடித்தார். ஊரில் இன்னும் சிலபேர் வந்து அந்தக் காபி கிடைக்குமா என்று கேட்டுப் போனார்கள்.

அன்று முதல் காபி ரத்தினவேலின் இலாகா. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்பதால் ஐந்து மணிக்கே டிகாக்‌ஷன் இறங்கிவிடும். ஒரு டபராவை அவளிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு எதிரில் உட்காருவார். அந்தக் காபி ஆறும் நேரத்தில்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். யமுனாவுக்குப் பெயர் வைத்தது, அவளை எந்த ஸ்கூலில் சேர்ப்பது, ரயில்வே குவார்ட்டர்ஸை விட்டு ஸ்ரீரங்கத்தில் வீடு பார்ப்பது, மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது எல்லாம் அந்த நுரை அடங்குவதற்குள் முடிவானவை. சண்டைகளும் அப்போதே. காபி தீர்ந்ததும் சண்டை தீர்ந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒரு முறை சண்டை பெரிதாகிவிட்டதால் ஆனந்தவள்ளி காபியை ஏழேகால்வரை குடித்தாள். அன்று ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு அரை நாள் லீவு போட்டார்கள்.

தைராய்டு மாத்திரை வந்த பிறகு அதுவும் இந்த ஏற்பாட்டுக்குள் சேர்ந்தது. டபராவின் ஓரத்தில் குட்டி வெள்ளை மாத்திரையை ஒட்டினாற்போல் வைத்துக் கொண்டுவந்து நீட்டுவார். அவள் மாத்திரையை நாக்கில் போட்டு ஒரு மடக்கு காபியால் இறக்குவாள். காய்ச்சலில் கிடந்தபோதும் ரத்தினவேல் ஒரு நாள் தவறவில்லை.

ஆனால் எடை இறங்கவில்லை. ரத்தத்தில் பார்க்கிற, சுரப்பி சோம்பினால் ஏறுகிற டி.எஸ்.எச். என்ற அளவும் இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையின் பவரை ஏற்றினார். மறுபடியும் ஏற்றினார். யமுனா சென்னையிலிருந்து வீடியோவில் சாப்பாட்டை இறக்கினாள். சோறு போய்ச் சாமை வந்தது. சாமையும் பாதியானது. முட்டைக்கோஸ் கூடாது என்று யாரோ சொல்லி அது போனது. ஓட்ஸ் வந்தது. அதை முதல் நாள் அடுப்பில் பார்த்த ரத்தினவேல், தேர்தல் வருகிறது, யாரோ போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சுகிறார்கள் என்று நினைத்தார். ராத்திரிக்குக் கொள்ளு ரசம். அந்த ரசத்தின் வாசனைக்குத் தெருவில் குதிரை வண்டி எதுவும் இல்லாததால்தான் வாசலில் கூட்டம் கூடவில்லை.

அப்படி இருக்கும்போது யமுனா ஒரு முறை ஊருக்கு வந்தாள். அம்மாவை மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். அடுத்த டெஸ்ட்ல அம்மாவுக்கு அளவு குறையலைன்னா நான் கூட்டிட்டுப் போயிடுறேன். ஆறு மாசம் எங்கூட இருக்கட்டும். பக்கத்துலயே டயட்டீஷியன் இருக்காங்க. நேரா நேரம் பாத்துக்கலாம். இங்க நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியல."

"என்னம்மா பண்றோம்? பட்டினி கெடக்குறோம்."

"பட்டினி கெடந்தா எப்படிப்பா ஏறும்?"

ரத்தினவேலின் கணக்கு அதற்குள் அந்த ஆறு மாதத்துக்குப் போய்விட்டது. அவரும் கூடப் போய்விடலாமே என்றால், மருமகன் வீட்டில் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்குவது அவர் குடும்பத்து ஆண்களிடம் கிடையாது. அவர் அப்பா மகள் வீட்டுக்குப் போகும்போது குடிக்கிற தண்ணீரையும் கூஜாவில் கொண்டு போனவர். தனியாக இருந்து பார்க்கலாமே என்றால், அதையும் ஒரு தரம் பார்த்தாகிவிட்டது. பிரசவத்துக்காக ஆனந்தவள்ளி மணப்பாறை போயிருந்தபோது அவர் இளைத்த இளைப்பில், ஒர்க்‌ஷாப் கேட்டில் வாட்ச்மேன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணன் கார்டை ஏன் எடுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

கொள்ளிடக் கரையில் கூட நடக்கிற சிநேகிதர் பிச்சைமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னார். பிச்சைமுத்து முன்னாள் டிக்கெட் பரிசோதகர். யாரையும் சந்தேகப்படுவது அவருக்குக் கை வந்த கலை.

"வீட்டுல சாப்பிடல, சரியா?"

"சரி."

"ஆனா எடை குறையல?"

"இல்ல."

"அப்ப வெளியில சாப்பிடுறாங்க. இதுக்கு எதுக்குய்யா டாக்டர்?"

ரத்தினவேல் கோபப்பட்டார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முறுக்கு டின்னைத் தூக்கிப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவள் கடைக்குப் போய் வந்தால் பையை வாங்கி வைக்கிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் பேசும்போது வாயிலிருந்து ஏலக்காய் வாசனை வருகிறதா என்று கவனித்தார். ஆனந்தவள்ளி பையின் வாயைத் திறந்தே வைக்க ஆரம்பித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சமயபுரம் போய் வருகிறேன் என்று அவள் தனியாகக் கிளம்பினாள். துணைக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். ரத்தினவேல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

சமயபுரத்தில் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஓர் ஆளைப் பின்தொடர்வது, ஓடும் ரயிலில் கழன்ற நட்டைத் தேடுகிற மாதிரி. ஆனாலும் அந்த மஞ்சள் சேலையின் நடையை நாற்பது வருஷமாகத் தெரியும் என்பதால் பிடித்துவிட்டார். அவள் ஆத்தாளைக் கும்பிட்டாள். வேப்பிலையைத் தலையில் செருகிக்கொண்டாள். பிறகு கடைகளின் ஓரமாக நடந்து, வடை போடுகிற ஒரு கடையின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ரத்தினவேல் ஒரு வளையல் கடைக்குப் பின்னால் மறைந்து நின்றார். பிச்சைமுத்து ஜெயித்துவிட்டான்.

கடைக்காரர் அவளிடம் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடித்தாள். எண்ணெயில் வடை புரளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஈடு எடுத்தார்கள். அடுத்த ஈடு போட்டார்கள். அவள் எதையும் வாங்கவில்லை. மூக்கை மட்டும் லேசாகத் தூக்கி, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்தாள்.

ரத்தினவேல் வளையல் கடையை விட்டு வெளியே வந்தார். எத்தனை நேரம்தான் ஒரு மனிதர் வளையல் பார்ப்பது?

"வேவு பாக்க வந்தீங்களா?" ஆனந்தவள்ளி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"சாமி கும்பிட வந்தேன்."

"சாமி அந்தப் பக்கம் இருக்கு."

அவர் பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தார். ஒரு கூட்டம் முடி இறக்கிய தலைகளில் சந்தனத்தோடு கடந்து போனது.

"எப்ப பாத்தே?"

"பஸ்ஸை விட்டு எறங்கும்போதே பாத்துட்டேன். அந்த நீலச் சட்டையை நான்தானே இஸ்திரி போட்டேன்." அவள் வெந்நீரை இன்னொரு வாய் குடித்தாள். "சும்மா வாசனை புடிக்க வருவேங்க. வாசனைக்குத் தைராய்டு கிடையாதுல்ல?"

"இங்கதான்... கல்யாணம் ஆகி வரும்போது..."

"இதே எடந்தான். அப்ப கீத்துக் கொட்டாய். மணப்பாறையிலேர்ந்து வேன்ல வந்தோம். ஆத்தாளைப் பாத்துட்டுப் போகலாம்னு உங்க மாமா நிறுத்தினாரு. மாலையைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு நான் வடை தின்னேன்."

"கொஞ்ச வடையா தின்னே? எண்ணிக்கிட்டு வந்த கடைக்காரரு நடுவுல எண்ணிக்கையை விட்டுட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாரு. எண்ணெய் தீந்துபோயி ஆள் அனுப்பினாங்க."

"பொய்! ஆறு வடை. அதுல ரெண்டு உங்க மாமா பங்கு." அவள் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. முகம் கொஞ்சம் ஊதியிருந்தாலும் சிரிப்பு ஊதவில்லை. "அன்னைக்கு நான் நாப்பத்தஞ்சு கிலோ. 'ஆடிக் காத்துல பறந்துடப் போறா, முந்தானையில கல்லைக் கட்டி அனுப்புங்க'ன்னு உங்கம்மா சொன்னாங்க."

"கட்டினோமே. அப்பவும் ரெண்டு தடவை வரப்புலேர்ந்து எழும்பிட்டே."

சிரிப்பு அதோடு நின்றது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தின்னுட்டுப் பேச்சு வாங்கினா அதுல ஒரு நியாயம் இருக்குங்க. தின்னோம், வாங்குறோம்னு போயிடலாம். திங்காம வாங்குறேன் பாருங்க, அதுதான் தொண்டையில நிக்குது. பொண்ணு சந்தேகப்படுறா, சரி, தூரத்துல இருக்கா. நீங்க பையைத் தொறந்து பாக்குறீங்க."

ரத்தினவேலுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார்.

"ஒண்ணு வாங்கிச் சாப்பிடுங்க. நான் பாக்குறேன்," என்றாள்.

சாப்பிட்டார். அவர் வாழ்நாளில் ருசியே இல்லாமல் இறங்கிய வடை அது ஒன்றுதான். திரும்பி வரும்போது ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தார்கள். அன்றைக்குப் பிறகு அவர் பையைத் தொடவில்லை. பிச்சைமுத்துவோடு நடக்கப் போவதையும் ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்.

அடுத்த டெஸ்ட் வந்தது. ரிசல்ட் முன்னைவிட ஏறியிருந்தது. யமுனா ராத்திரி ரயிலில் கிளம்பிக் காலையில் வந்து நின்றாள். மறுநாளுக்கு அம்மாவுக்கும் தனக்குமாகத் திரும்புகிற டிக்கெட் அவள் போனில் இருந்தது. அதை அப்பாவிடம் காட்டவில்லை. காட்டாமலே அவருக்குத் தெரிந்தது. டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மூன்று பேரும் தில்லைநகர் போனார்கள்.

டாக்டர் பீமராவ் ரிசல்ட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இந்தப் பவரில் ஒரு யானைக்கே சுரப்பி சுறுசுறுப்பாகியிருக்க வேண்டும் என்கிற முகம்.

"மாத்திரை விட்டுப் போகுதாம்மா?"

"ஒரு நாள்கூட இல்ல டாக்டர்," என்று ரத்தினவேல் முந்திக்கொண்டார். இந்த ஒரு கேள்விக்காவது தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடிந்ததில் அவருக்குப் பெருமை. "நான்தான் குடுக்குறேன். விடிகாலை அஞ்சு மணி. கடியாரத்தை அதை வெச்சுத் திருத்திக்கலாம்."

"வெறும் வயித்துல?"

"வெறும் வயித்துலதான். பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாது."

"பின்னே மாத்திரையை எதை வெச்சு முழுங்குறாங்க?"

"காபியில."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறிகூட ஒரு சுற்று தயங்கியதாக ரத்தினவேலுக்குப் பட்டது.

"காபியிலயா?"

"நல்ல காபி டாக்டர். முதல் டிகாக்‌ஷன்."

"சார், காபி குடிச்சா அது வெறும் வயிறா?"

ரத்தினவேலும் ஆனந்தவள்ளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வியே அவர்களுக்குப் புரியவில்லை.

"காபியை யாரு டாக்டர் கணக்குல சேப்பாங்க?" ஆனந்தவள்ளி மெதுவாகக் கேட்டாள். "வைகுண்ட ஏகாதசிக்கு முழுப் பட்டினி இருப்பேன். சாமி கும்பிட்டு முடிக்கிறவரைக்கும் ஒரு பருக்கை படாது. அன்னைக்கும் காபி உண்டே. எங்க தெருவுல எல்லாருக்கும் உண்டு. பெருமாளே ஒண்ணும் சொல்றதில்ல."

"பெருமாள் சொல்லமாட்டாரும்மா. மாத்திரை சொல்லும்." டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "இந்த மாத்திரை கொஞ்சம் சங்கோஜி. குடல்ல தனியா இருந்தாத்தான் ரத்தத்துல சேரும். காபி கூட வந்துதுன்னா பாதி சேராமலே வெளிய போயிடும். நானும் பவரை ஏத்திக்கிட்டே இருக்கேன், நீங்களும் காபியில கரைச்சுக்கிட்டே இருக்கீங்க. தண்ணியில முழுங்கிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை எது எடுத்தாலும் நாலு மணி நேரம் தள்ளி. மாத்திரை இனி ஒழுங்கா சேரும்கிறதால பவரைக் குறைச்சு எழுதுறேன், இல்லேன்னா நெஞ்சு படபடன்னு அடிக்கும். ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாப்போம். அதுவரைக்கும் இந்தப் பட்டினியை நிறுத்துங்க. அளவாச் சாப்பிட்டு நடங்க. தைராய்டால ஏறின எடை கொஞ்சந்தான், அது எறங்கும். மிச்சத்தை மெதுவாத்தான் எறக்கணும்."

ஆட்டோ காவிரிப் பாலத்தின் நடுவில் வந்தபோது யமுனா தாங்கமாட்டாமல் ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருஷம்ப்பா! ரெண்டு வருஷமா அம்மா பட்டினி, திட்டு, அழுகை. நான் வேற போன்ல கத்தியிருக்கேன். எல்லாம் உங்க காபியால."

ரத்தினவேல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அதிகமில்லை. அந்த வீட்டில் அவர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் என்று அவர் நினைத்திருந்தது அந்தக் காபிதான். சமையல் தெரியாது, துணி மடிக்கத் தெரியாது, ஆறுதலாக நாலு வார்த்தை பேசத் தெரியாது. அதற்கெல்லாம் சேர்த்து விடிகாலையில் ஒரு டபரா கொடுத்தால் சரியாகிவிடும் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தார்.

"கூட்டிட்டுப் போம்மா," என்றார். "நான் சொல்றேன். உன்கூட வந்தா ஒழுங்கா நடக்கும். என்னை நம்ப வேண்டாம்."

"அதான் டிக்கெட் போட்டுருக்கேன். நாளைக்கு..."

"என்னை யாரும் கேக்கலையே," என்றாள் ஆனந்தவள்ளி.

ஆட்டோக்காரர்கூடக் கண்ணாடியில் பார்த்தார்.

"ரெண்டு பேரும் என்னைப் பார்சல் மாதிரி அனுப்புறதும் வாங்குறதுமா இருக்கீங்க. நான் ஏன்டி ஊரை விட்டுப் போகணும்? திங்காததுக்குத் திட்டு வாங்கினேன், சரி. செய்யாத தப்புக்கு நாடு கடத்தலுமா? கெடுத்தவரு இங்கதானே இருக்காரு. அவரே சரி பண்ணட்டும். ஃபிட்டர்தானே? இத்தனை இன்ஜினைச் சரி பண்ணவருக்கு ஒரு மாத்திரையை ஒழுங்கா மாட்டத் தெரியாதா?"

"அம்மா, அப்பா மறுபடியும்..."

"ஆறு வாரம் டைம் குடுடி. சரியாகலைன்னா நானே பொட்டியைத் தூக்கிட்டு வந்துடுறேன். இவரையும் வேணா ரயில்வே மியூசியத்துல விட்டுட்டு வரேன்."

யமுனா மறுநாள் தனியாகத்தான் ரயிலேறினாள். ஸ்டேஷனில் அப்பாவின் கையைப் பிடித்து, "தண்ணிப்பா. வெறும் தண்ணி" என்று மூன்று முறை சொன்னாள்.

அடுத்த விடியலில் ரத்தினவேல் ஒரு செம்புத் தண்ணீரோடும் மாத்திரையோடும் வந்து நின்றார். அவள் விழுங்கினாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். பிறகுதான் தெரிந்தது, இனி ஒரு மணி நேரத்துக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கையில் டபரா இல்லாமல் அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்ததே இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று விளங்கவில்லை. ஊதுவதற்கு எதுவும் இல்லாததால் வாயும் சும்மா இருந்தது. பெண் பார்க்க வந்த நாளில்கூட இவ்வளவு கூச்சம் இல்லை. அன்று நடுவில் ஒரு தட்டு முறுக்காவது இருந்தது.

"ஏதாவது பேசுங்களேன்," என்றாள்.

"என்ன பேசுறது?"

"அதுவும் சரிதான்."

மூன்றாம் நாள், உட்கார்ந்தால் பொழுது ஓடாது என்று எழுந்து நடக்கப் போனார்கள். அம்மா மண்டபம் ரோட்டில் பூக்கடைகள் அப்போதுதான் திறந்திருந்தன. காவிரிப் படித்துறையில் முழுக்குப் போட வந்தவர்களுக்கு நடுவே கால் நனைத்து நின்றார்கள். முதல் வாரம் பாதித் தூரத்தில் மூச்சு வாங்கி நின்றாள். அவரும் நின்று, தனக்குத்தான் கால் வலிக்கிறதென்று சொன்னார். நடக்கிறபோது பேச்சு தானாக வந்தது. தெப்பக்குளத்துப் பக்கம் முதல் முதலாக அவர்கள் போய்ச் சாப்பிட்ட நெய் ரோஸ்ட் நீளமாகப் பக்கத்து மேஜைவரை போய்விட்டதால், அங்கே உட்கார்ந்திருந்த ஆள் தன்னுடையதென்று நினைத்து அந்த நுனியிலிருந்து தின்று வந்தார் என்றும், நடுவில் சந்தித்துக் கைகுலுக்கினோம் என்றும் ரத்தினவேல் சொன்னார். ஆனந்தவள்ளி அப்படி ஒரு ஆளே இல்லை என்றாள். ஆனால் அந்த ஆள் என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டாள்.

நாலாவது வாரம், யாரும் சொல்லாமலே ஸ்வெட்டர் பீரோவுக்குள் போயிற்று. ஆனந்தவள்ளி மாடிப்படியில் நடுவில் உட்காரவில்லை. ஓட்ஸை நிறுத்திவிட்டு இரண்டு இட்லி, மத்தியானம் அளவாகச் சோறும் நிறையக் காயும் என்று வந்தார்கள்.

ஆறு வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தார்கள். ரிசல்ட்டை வாங்கப் போன ரத்தினவேல் அதைத் தில்லைநகரிலேயே பிரித்துப் பார்க்கப் பயந்து, ஸ்ரீரங்கம்வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஆனந்தவள்ளிதான் பிரித்தாள். டி.எஸ்.எச். இருக்க வேண்டிய அளவுக்குள் வந்திருந்தது. மெஷினில் ஏறினாள், மூன்று கிலோ குறைந்திருந்தது. நாற்பத்தைந்துக்குப் போக இன்னும் எவ்வளவோ இருந்தது. அதை இரண்டு பேருமே கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் யமுனா போன் பண்ணினாள். மாத்திரை போட்டாகிவிட்டது. நடைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இப்பவும் சொல்றேன், கொஞ்ச நாள் வந்து இருந்துட்டுப் போயேன். உனக்கும் ஒரு மாறுதல்."

ரத்தினவேல் செருப்பின் வாரைக் குனிந்து சரி செய்தார். சரியாக இருந்த வாரை மறுபடியும் சரி செய்தார்.

"வரேன்டி, பொங்கலுக்கு உங்கப்பாவோட வரேன். ரெண்டு ராத்திரி. அதுக்கு மேல இருக்கச் சொல்லாதே, காலையில எனக்கு வேலை இருக்கு."

"காலையில என்னம்மா வேலை?"

"இவரு பேசுவாரு. நான் கேக்கணும். முக்காவாசி பொய்யா இருக்கு, கூட இருந்து திருத்தலைன்னா ஊர் முழுக்கப் போய் நிஜம்னு சொல்லிடுவாரு. வெச்சுடவா?"

தெருவில் இறங்கினார்கள். கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. ரத்தினவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுபத்தேழாம் வருஷத்து வெள்ளத்தைப் பத்தி உனக்குச் சொல்லியிருக்கேனா?"

"தண்ணி வந்துதுன்னு சொன்னீங்க."

"தண்ணி மட்டுமா வந்துது? நான் ஸ்ரீரங்கத்துல மாமா வீட்டு மொட்டை மாடியில நிக்குறேன். தெருவுல ஒரு கயித்துக் கட்டில் மிதந்து வருது. அதுல ஒரு பெரியவரு போத்திக்கிட்டுத் தூங்குறாரு. எங்கிட்ட வந்ததும் முழிச்சுக்கிட்டு, 'தம்பி, திருவானைக்கா வந்துடுச்சா?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த ஸ்டாப்புன்னேன். 'அப்ப எழுப்பி விடுங்க தம்பி'ன்னுட்டு மறுபடியும் போத்திக்கிட்டாரு."

ஆனந்தவள்ளி நடுத்தெருவில் நின்றாள். "அடப்பாவி மனுஷா! எழுப்பி விட்டீங்களா இல்லையா?"

ரத்தினவேல் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. கட்டிலின் கால் எப்படி இருந்தது, போர்வை என்ன நிறம், எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து அவருக்கு இட்லி வீசியது என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். அம்மா மண்டபம் வந்தது, திரும்பினார்கள், பெரியவர் இன்னும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்றுகொண்டும் கேட்டாள். டாக்டர் சொன்ன ஒரு மணி நேரம் முடிந்து அதற்கு மேலும் அரை மணி ஆகியிருந்தது. டிகாக்‌ஷன் ஃபில்டரிலேயே ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காபி ஆறே முக்காலுக்குத்தான் கலந்தார்கள்.